ஆருஷாவுக்கா, மலாபாவுக்கா? கிழக்கு ஆப்பிரிக்க ஒருங்கிணைப்புக்கான நிதியுதவியை எங்கே வைப்பது

அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 முதல் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. பிரிட்டன், தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த தன் வளர்ச்சி உதவியை 2027-க்குள் 0.3 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக அறிவித்துவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் தமக்குள் எல்லைகளைத் திறந்து ஒரே சந்தையாக மாற எடுத்துவரும் முயற்சிகளுக்குத் தொடர்ந்து பணம் கொடுத்துவந்த நாடுகள் இவை. பணம் தாராளமாக வந்த காலத்தில் பாலத்துக்குக் கொஞ்சம், பயிலரங்குக்குக் கொஞ்சம், சுங்கச் சாவடிக்குக் கொஞ்சம், செயலகத்துக்குக் கொஞ்சம் என்று பங்கிட்டுக் கொடுத்துவிட்டு எல்லாமே அவசியம் என்று அறிக்கை எழுத முடிந்தது. இனி அது முடியாது. எதற்குக் கொடுப்பது, எதைக் கைவிடுவது என்று தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

பணம் பெறும் இடத்தில் இருப்பது கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம். 1999 நவம்பர் 30 அன்று கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் மறுபிறவி எடுத்த இந்தக் கூட்டமைப்பில் 2007-இல் ருவாண்டாவும் புருண்டியும், 2016-இல் தென் சூடானும், 2022-இல் காங்கோ ஜனநாயகக் குடியரசும், 2024-இல் சோமாலியாவும் சேர்ந்தன. சுங்க ஒன்றியம் 2005-இல் தொடங்கியது; பொதுச்சந்தை ஒப்பந்தம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது; 2024-இல் வந்திருக்க வேண்டிய பொது நாணயம் 2031-க்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் பிராந்திய அமைப்புகளில் ஏட்டளவில் மிக வேகமாக முன்னேறியவற்றுள் இதுவும் ஒன்று என்று சொல்வார்கள். ஏட்டுக்கும் எல்லைச் சாவடிக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் வெளி உதவி செய்யவேண்டிய வேலை.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நடுத்தர அளவுள்ள ஓர் ஐரோப்பிய நாடு, அடுத்த ஐந்தாண்டுகளுக்கு 10 கோடி யூரோ மானியத்தை இந்தப் பிராந்தியத்தின் ஒருங்கிணைப்புக்கு ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ரயில், பாலம், மின்தடம் போன்ற பெரிய கட்டுமானங்களுக்குக் கொடுக்கலாம். எல்லைச் சாவடிகளுக்கும் சுங்க நடைமுறைகளுக்கும் தரப் பரிசோதனைக்கும் கொடுக்கலாம். தான்சானியாவின் ஆருஷா நகரில் இருக்கும் செயலகத்துக்கும் அதைச் சார்ந்த நிறுவனங்களுக்கும் கொடுக்கலாம். அல்லது, சுங்கவரியைக் குறைப்பதால் வருவாய் இழக்கும் ஏழை உறுப்பு நாடுகளுக்கு நேரடியாக ஈட்டுத்தொகை கொடுக்கலாம். நான்காவதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பேசவேண்டும் என்பது என் எண்ணம்.

இவற்றை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? பொருளாதாரப் பயன், செலவு, வேகம் என்ற வழக்கமான அளவுகள் தேவைதான். ஆனால் இந்தப் பிராந்தியத்துக்கு அவற்றைவிடப் பொருத்தமான கேள்வி ஒன்று உண்டு: இரண்டு அண்டை நாடுகள் முறைத்துக்கொண்டால், செலவழித்த பணத்தில் எது மிஞ்சும்? இந்தக் கேள்வியை எழுப்பியது வரலாறுதான். 1967-இல் தொடங்கிய முதல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்துக்குப் பொது விமான நிறுவனம், பொது ரயில்வே, பொதுத் துறைமுக நிர்வாகம் எல்லாம் இருந்தன. பலன்களில் பெரும்பங்கு கென்யாவுக்கே போகிறது என்ற மனக்குறையும், கென்ய, தான்சானிய அரசுகளுக்கு இடையிலான கொள்கை வேறுபாடும், உகாண்டாவில் இடி அமீனின் ஆட்சியும் சேர்ந்து 1977-இல் அதை உடைத்தன. கென்யா–தான்சானியா எல்லை 1983 வரை மூடிக் கிடந்தது. சொத்துகளைப் பங்கு பிரிக்கும் உடன்பாடு 1984-இல்தான் எட்டப்பட்டது. அந்த இடிபாட்டிலும் சில நிறுவனங்கள் பிழைத்தன: உகாண்டாத் தலைநகர் கம்பாலாவில் உள்ள கிழக்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மன்றம், சொரோட்டியில் உள்ள விமானிப் பயிற்சிப் பள்ளி. பெரியவை உடைந்து சிறியவை நின்றதற்குக் காரணம் அளவு மட்டும் அல்ல. கூட்டு இல்லாவிட்டாலும் அந்தந்த நாட்டுக்கு அவற்றால் தனியே ஒரு பயன் இருந்தது. இதோடு இன்னொரு கேள்வியையும் வைத்துக்கொள்ளலாம்: கொடையாளர் கிளம்பிய பிறகு மாதச் சம்பளத்தை யார் கொடுப்பார்?

தண்டவாளமும் பாலமும் மின்கம்பியும்

அரசியல்வாதிகளுக்குப் பிடித்த வழி இது. ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம், பலனும் மெய்யானதுதான். ஆப்பிரிக்காவின் 54 நாடுகளில் 16 நாடுகளுக்குக் கடற்கரை இல்லை. உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் புருண்டிக்கும் கடல் என்பது அண்டை நாட்டின் சாலை.

ஆனால் இந்த வழியின் பழைய அனுபவம் எச்சரிக்கையாகவே இருக்கிறது. தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்திலிருந்து சாம்பியாவின் கபிரி எம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் நீளமுள்ள தசாரா ரயில்பாதையைச் சீனா வட்டியில்லாக் கடனில் 1970-களின் முதல் பாதியில் கட்டிக் கொடுத்தது. வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியாவை (இன்றைய ஜிம்பாப்வே) தொடாமல் சாம்பியாவின் செம்பைக் கடலுக்குக் கொண்டுபோவதே அதன் நோக்கம். நோக்கம் நிறைவேறியது, ஆனால் அந்த நோக்கம் காலாவதியானதும் பாதையும் மெலிந்தது. தெற்கில் அரசியல் மாறி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் வரை லாரிப் பாதை திறந்த பிறகு சரக்கு அங்கே போயிற்று. ஆண்டுக்கு 20 லட்சம் டன் ஏற்றிச்செல்லத் திட்டமிடப்பட்ட பாதையில், 2014–15-இல் ஒரு லட்சம் டன்கூடப் போகவில்லை. இரண்டு அரசுகளும் சமமாக உடைமை கொண்டிருந்ததால், இஞ்சினுக்கு உதிரிபாகம் வாங்கும் பணத்தை முதலில் யார் எடுத்து வைப்பது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. இப்போது மீண்டும் சீன நிறுவனத்திடமே அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு போயிருக்கிறது.

இன்னொன்று கென்யாவின் தர அகல (ஸ்டாண்டர்டு கேஜ்) ரயில்பாதை. 2013-இல் கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்றும் கென்யத் துறைமுகமான மொம்பாசாவிலிருந்து ருவாண்டாத் தலைநகர் கிகாலி வரை புதிய ரயில்பாதை போடுவதென்று பேசிக்கொண்டன. மொம்பாசா–நைரோபிப் பகுதி 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவில், பெரும்பகுதி சீன ஏற்றுமதி–இறக்குமதி வங்கியின் கடனால் கட்டப்பட்டு, 2017 மே 31 அன்று திறக்கப்பட்டது. 2019-இல் பாதை நைவாஷாவை எட்டியது, அங்கேயே நின்றது. அதற்குள் உகாண்டா தன் கச்சா எண்ணெய்க் குழாயைக் கென்யா வழியாக அல்லாமல் தான்சானியாவின் தங்கா துறைமுகத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்திருந்தது. ருவாண்டா தான்சானியா வழி ரயிலைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. தான்சானியாவோ துருக்கி நிறுவனத்தைக் கொண்டு தன் சொந்தத் தர அகலப் பாதையைப் போட்டுக்கொண்டிருந்தது. அதே துருக்கி நிறுவனத்துடன்தான் உகாண்டா 2024 அக்டோபரில், கென்ய எல்லையிலுள்ள மலாபாவிலிருந்து கம்பாலா வரையிலான பாதைக்கு 270 கோடி யூரோ ஒப்பந்தம் போட்டது. ஒருங்கிணைப்புக்காகத் தொடங்கிய திட்டம், இரண்டு துறைமுகங்களுக்கும் இரண்டு வழித்தடங்களுக்கும் இடையிலான போட்டியாக முடிந்திருக்கிறது. போட்டி கெட்டது அல்ல. உகாண்டா வணிகருக்கு இரண்டு கடல் வாசல்கள் கிடைப்பது நல்லதே. ஆனால் அதற்கு ஒருங்கிணைப்பு உதவி என்று பெயர் வைத்துக் கொடையாளர் பணத்தைப் போடுவது பொருந்தாது.

எல்லாக் கட்டுமானமும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. சாம்பேசி ஆற்றின்மேல் பொட்ஸ்வானாவையும் சாம்பியாவையும் இணைக்கும் கசுங்குலா பாலம் 2021 மே மாதம் திறக்கப்பட்டது. 923 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் போகாதபடி வளைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதற்குமுன் லாரிகள் மிதவைப் படகுக்காக நாள்கணக்கில் கரையில் காத்துக் கிடந்தன. ஏறக்குறைய 26 கோடி டாலர் செலவில் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் ஜப்பானும் கொடுத்த கடன்களோடு கட்டப்பட்ட அந்தப் பாலம், ஓர் இடைவெளியை அடைத்தது. புதிதாக ஒரு வழித்தடத்தைக் கற்பனை செய்யவில்லை. ஏற்கெனவே சரக்கு போய்க்கொண்டிருக்கும் இடத்தில் உள்ள ஓர் அடைப்பை நீக்கும் கட்டுமானம், சரக்கு வரும் என்று நம்பிப் போடும் கட்டுமானத்தைவிட நம்பகமானது.

மின்சாரம் தனி வகை. ருவாண்டா, புருண்டி, தான்சானியா ஆகிய மூன்றும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் 80 மெகாவாட் ருசுமோ அருவி நீர்மின் நிலையத்துக்கு உலக வங்கி 34 கோடி டாலர் கொடுத்தது. எத்தியோப்பியாவிலிருந்து கென்யாவுக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் உயரழுத்த மின்தடம் 2022-இலிருந்து மின்சாரம் கொண்டுவருகிறது. லாரியை எல்லையில் நிறுத்தினால் நட்டம் பெரும்பாலும் அடுத்த நாட்டு வணிகருக்கு. மின்சாரத்தை நிறுத்தினால் விற்பவருக்கு அன்றைக்கே வருமானம் போகிறது, வாங்குபவருக்கு அன்றைக்கே விளக்கு அணைகிறது. இருபுறமும் உடனே வலிக்கும் இணைப்பைச் சண்டைக்கான கருவியாக்குவது எளிதல்ல. எனவே கட்டுமானத்தில் எதற்காவது கொடுப்பதென்றால் மின்தடத்துக்கே என் ஓட்டு.

ஆயினும் நம் கணக்கில் இருப்பது 10 கோடி யூரோ. கசுங்குலா பாலத்தில் பாதிகூட அதில் எழும்பாது. திரும்ப வருமானம் தரக்கூடிய கட்டுமானங்களுக்குக் கடன்தான் முறையான பணம். அதைக் கொடுக்க வங்கிகள் இருக்கின்றன. மானியம் இங்கே செய்யக்கூடியது முன்வேலை மட்டுமே: மின் விலை ஒப்பந்தத்தை எழுதும் வழக்கறிஞர்கள், நில அளவை, பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே தீர்க்கும் இருநாட்டு உடன்பாடு ஆகியவை. தசாராவில் விடுபட்டது இந்தக் கடைசி வேலைதான்.

சாவடி, சுங்கம், சோளம்

கென்யாவிலிருந்து உகாண்டாவுக்குள் நுழையும் மலாபா எல்லையில் பழைய நடைமுறை எப்படி இருந்தது என்பதைப் பார்த்தால், இந்த வழியின் வலிமை புரியும். லாரி ஓட்டுநர் முதலில் கென்யப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, சுங்கம், குடிவரவு, தரக் கட்டுப்பாடு என்று ஒவ்வொரு சன்னலாகப் போய் வெளியேறும் முத்திரை வாங்கவேண்டும். பிறகு வண்டியை நகர்த்தி உகாண்டாப் பக்கத்துக்குப் போய், அதே தாள்களை அதே வரிசையில் வேறு அதிகாரிகளிடம் நீட்டவேண்டும். சரக்கனுப்பு முகவர் ஒரு தாளில் ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருந்தால், திரும்பவும் முதல் சன்னல். மாலை ஆகிவிட்டால் மறுநாள் காலை.

ஒருங்கிணைந்த எல்லைச் சாவடி முறை இதை மாற்றியது. வெளியேறும் நாட்டில் வண்டி நிற்பதில்லை. நுழையும் நாட்டின் கட்டடத்தில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்து ஒரே இடத்தில் வேலையை முடிக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இந்த முறையில் முதலாவது, சாம்பியா–ஜிம்பாப்வே எல்லையில் 2009 டிசம்பரில் திறக்கப்பட்ட சிருண்டு சாவடி. கிழக்கு ஆப்பிரிக்காவில் ருசுமோ, தவேத்தா–ஹோலிலி, முத்துகுலா, புசியா, மலாபா, நமங்கா என்று இம்முறை பரவியது. ருசுமோவில் ஜப்பானின் மானியம். நமங்காவில் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் ஜப்பானும். புசியாவில் பிரிட்டனும் கனடாவும். பல இடங்களில் வேலையை முன்னின்று நடத்தியது, பல கொடையாளர் நாடுகள் சேர்ந்து 2010-இல் நைரோபியைத் தலைமையிடமாக வைத்து அமைத்த டிரேட்மார்க் ஈஸ்ட் ஆப்பிரிக்கா.

கட்டடத்தைவிட முக்கியமான இரண்டு இதற்குப் பின்னால் இருக்கின்றன. ஒன்று, சட்டம்: ஒரு நாட்டின் அதிகாரி அடுத்த நாட்டு மண்ணில் உட்கார்ந்து தன் நாட்டுச் சட்டப்படி சரக்கைப் பறிமுதல் செய்ய அதிகாரம் வேண்டும். அதைத் தந்தது இதற்கென்றே கூட்டமைப்பு இயற்றிய 2016-ஆம் ஆண்டுச் சட்டம். மற்றொன்று, 2014-இல் தொடங்கிய ஒற்றைச் சுங்கப் பரப்பு: உகாண்டாவுக்குப் போகும் சரக்குக்கான வரி, அது மொம்பாசாவை விட்டுக் கிளம்பும் முன்பே உகாண்டா வருவாய்த் துறைக்குச் செலுத்தப்பட்டுவிடுகிறது. மொம்பாசா–கம்பாலாப் பயணம் 18 நாள்களிலிருந்து 4 நாள்களாகக் குறைந்தது என்று அதிகாரிகள் அடிக்கடி சொல்கிறார்கள். அந்தக் குறைவு முழுவதும் சுங்கச் சீர்திருத்தத்தால் வந்ததல்ல. சாலை மேம்பட்டதும், சரக்கைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் மின்னணுப் பூட்டு வந்ததும் அதில் சேரும். மலாபாவில் இன்றும் லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீளும் நாள்கள் உண்டு. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது.

இனி நம் அளவுகோல். 2019 பிப்ரவரி இறுதியில் ருவாண்டா, உகாண்டாவுடனான கதுனா எல்லையில் சரக்கு லாரிகளை நிறுத்தியது. முதலில் சொல்லப்பட்ட காரணம், அங்கே நடந்துகொண்டிருந்த ஒருங்கிணைந்த சாவடிக் கட்டுமானப் பணி! உண்மைக் காரணம் இரண்டு அரசுகளுக்கும் இடையே மூண்டிருந்த பாதுகாப்புத் தகராறு. எல்லை 2022 ஜனவரி 31 அன்றுதான் திறந்தது. புருண்டி 2024 ஜனவரியில் ருவாண்டாவுடனான எல்லையை மூடியது. அரசியல் கதவைச் சாத்தினால் எவ்வளவு நல்ல சாவடியும் ஒரு பூட்டிய கட்டடம்தான். ஆனால் தண்டவாளத்தோடு ஒப்பிட்டால் இதில் மூழ்கும் பணம் மிகக் குறைவு. கதவு திறந்த அன்றே பழைய வேகத்தில் வேலை தொடங்க முடியும். மின்னணுச் சுங்க மென்பொருளும் பயிற்சி பெற்ற அலுவலரும் மற்ற எல்லைகளுக்குப் பயன்படுவார்கள். 2020-இல் கொரோனாப் பரிசோதனைக்காக ஓட்டுநர்கள் நாள்கணக்கில் வண்டிக்குள்ளேயே படுத்துறங்கியபோது, ஓட்டுநரின் பரிசோதனை முடிவை எல்லா நாடுகளும் பார்க்கும்படியான கண்காணிப்பு முறையைச் சில மாதங்களில் கொண்டுவர முடிந்ததற்குக் காரணம், அதற்கான அடித்தளம் முன்பே இருந்ததுதான்.

இந்த வழியிலேயே அதிகம் கவனிக்கப்படாத ஒரு பகுதி இருக்கிறது. 2021 மார்ச் மாதம் கென்யா, உகாண்டாவிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் வரும் மக்காச்சோளத்துக்குத் தடை விதித்தது. காரணம், பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நச்சு. அது வெறும் சாக்கு என்று உகாண்டா வணிகர்கள் கொதித்தார்கள். கென்யாவில் அந்த நச்சால் மக்கள் இறந்த வரலாறு உண்டு என்பதால் முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்ற பொதுவரம்பு ஏட்டில் இருந்தது. இல்லாதது, அந்த வரம்பை எல்லையில் அளந்து, இரண்டு அரசுகளும் ஏற்கும் ஒரு சான்றிதழைத் தரக்கூடிய ஆய்வகம். சுங்கவரி பூஜ்யமாகிவிட்ட ஒரு பிராந்தியத்தில் வணிகத்தை நிறுத்தும் ஆயுதங்கள் இப்படித்தான் வரும்: சோளத்தில் நச்சு, பாலில் தரம், முட்டையில் நோய். இவற்றில் எது உண்மை, எது சாக்கு என்பதைப் பிரித்துக்காட்டும் கருவி ஆய்வகம். ஜெர்மனியின் அளவியல் நிறுவனம் இந்தத் துறையில் நெடுங்காலமாக அமைதியாகப் பணம் போட்டுவருகிறது. எல்லை மூடினாலும் அந்த ஆய்வகம் உள்ளூர்ச் சோளத்தைச் சோதித்துக்கொண்டிருக்கும். உள்ளூர்க் குழந்தைகள் நச்சில்லாத கஞ்சி குடிப்பார்கள். 1977-ஐத் தாண்டிப் பிழைத்த நிறுவனங்களின் இயல்பு இதுதான்.

தலையில் கூடை சுமந்து எல்லை கடக்கும் சிறு வியாபாரிகளையும் இங்கே சேர்க்கவேண்டும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2,000 டாலருக்கு உட்பட்ட சரக்குக்கு எளிமையான பிறப்பிடச் சான்று போதும் என்ற விதி கூட்டமைப்பில் இருக்கிறது. அது தெரியாமலோ, தெரிந்தும் அதிகாரி கேட்கிறார் என்பதற்காகவோ, புதர்வழியாகப் போய்ப் பிடிபட்டுத் தக்காளியை இழப்பவர்கள் ஏராளம். ஒரு தகவல் மேசைக்கும், அதில் உள்ளூர் மொழி பேசும் இரண்டு பேருக்கும் ஆகும் செலவு ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கின் விமானச் சீட்டுகளைவிடக் குறைவு.

ஆருஷாச் செயலகம்

இந்தப் பிரிவைச் சுருக்கமாகவே எழுதமுடியும், ஏனென்றால் சிக்கல் ஒன்றுதான். செயலகத்தின் தலைமைக் கட்டடமே 2012-இல் ஜெர்மனியின் பணத்தில் எழுந்தது. 2010-களின் முற்பகுதியில் கூட்டமைப்பின் ஆண்டு வரவு–செலவில் பாதிக்கும் மேல் வெளி உதவியாக வந்தது. உறுப்பு நாடுகள் நீண்டகாலம் சமபங்கு கட்டவேண்டியிருந்தது. அதாவது கென்யாவின் பங்கும் புருண்டியின் பங்கும் ஒன்று. விளைவு, தென் சூடானும் புருண்டியும் காங்கோவும் பாக்கிக் கணக்கில். கூட்டமைப்பின் நாடாளுமன்றக் கூட்டங்கள் பணமின்றித் தள்ளிப்போவதும் உண்டு. வெளிப்பணம் இந்தப் பள்ளத்தை நிரப்பியதால், பங்குமுறையைத் திருத்தவேண்டிய அவசரம் தலைநகரங்களில் பிறக்கவே இல்லை என்பது என் வாசிப்பு.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஈகோவாஸ் அமைப்பு, வெளிநாட்டு இறக்குமதிமேல் 0.5 விழுக்காடு சமூக வரி போட்டுத் தன் செலவைப் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ள வழி கண்டது. ஆப்பிரிக்க ஒன்றியமும் 2016-இல் கிகாலியில் 0.2 விழுக்காடு வரியைத் தீர்மானித்தது. அதை எல்லா நாடுகளும் நடைமுறைப்படுத்தவில்லை. சொந்தப் பணம் இருந்தால் ஒற்றுமை வந்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம்: மாலியும் புர்க்கினா பாசோவும் நைஜரும் 2025 ஜனவரியில் ஈகோவாஸை விட்டு முறைப்படி வெளியேறிவிட்டன. ஆனால் வெளியார் பணத்தில் இயங்கும் செயலகம், வெளியாரின் முன்னுரிமைகளுக்கு ஏற்பத் திட்டங்களை எழுதப் பழகிவிடுகிறது. ஆருஷாவின் ஓட்டல் அரங்குகளில் நடக்கும் பயிலரங்குகளின் எண்ணிக்கையே பணியின் அளவாகிவிடுகிறது.

இதற்காகச் செயலகத்தை முற்றிலும் கைவிடச் சொல்லவில்லை. ஒருங்கிணைந்த சாவடிச் சட்டம் ஆருஷாவில்தான் இயற்றப்பட்டது. பொதுத்தரங்கள் அங்கேதான் பேசி முடிக்கப்படுகின்றன. அரசுகளை எதிர்த்துத் தனிமனிதரும் வழக்குத் தொடுக்கக்கூடிய கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. கொடுப்பதென்றால், உறுப்பு நாடுகள் உள்ளபடியே கட்டிய சந்தாவுக்கு ஈடாக, அவர்கள் கட்டிய பிறகே, அதுவும் சட்டம், தரம், புள்ளிவிவரம் ஆகிய மூன்று வேலைகளுக்கு மட்டும்.

இழப்பவருக்கு ஈடு

நான்காவது வழிக்கு வருவோம். சுங்க ஒன்றியம் என்றால் உள்வரி நீங்கவேண்டும், வெளிவரி பொதுவாகவேண்டும். ஏழை நாடுகளின் அரசு வருமானத்தில் சுங்கவரி பெரிய பங்கு. கென்யாவின் ஆலைகளிலிருந்து சோப்பும் சிமென்டும் வரியின்றி வரும்போது, புருண்டியின் கருவூலத்துக்கு உடனடி நட்டம். பலன் வருவதானால் பல ஆண்டுகள் கழித்து. 1977-இல் கூட்டை உடைத்த மனக்குறையும் இதே வகை. தென்னாப்பிரிக்காவும் அதன் அண்டை நாடுகளும் சேர்ந்த தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியம் 1910 முதல் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு முதன்மையான காரணம், வசூலாகும் சுங்கப் பணத்தைப் பங்கிடும்போது லெசோத்தோ, எஸ்வாட்டினி போன்ற சிறிய நாடுகளுக்குத் தாராளமான பங்கு போவதுதான். தென்னாப்பிரிக்கா தன் மேலாதிக்கத்துக்குக் கொடுக்கும் விலை அது என்றும் சொல்லலாம். கிழக்கில் அப்படி விலை கொடுக்கும் அளவுக்குக் கென்யா பணக்கார நாடு அல்ல. அந்த இடத்தில்தான் வெளி உதவிக்கு வேறு யாரும் செய்யமுடியாத ஒரு வேலை இருக்கிறது.

இது சோதித்துப் பார்க்கப்படாத யோசனை அல்ல. ருவாண்டாவும் புருண்டியும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தபோது உண்டான வருவாய் இழப்புக்கு, ஐரோப்பிய ஒன்றியம் தன் பணத்தைக் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச்சந்தையான கோமேசா அமைப்பின் சரிக்கட்டு நிதி வழியாகக் கொடுத்தது. குறைகளும் உண்டு. இழப்பு எவ்வளவு என்ற கணக்கில் எப்போதும் தகராறு வரும். கருவூலத்துக்குள் போன பணம் எதற்குச் செலவானது என்று தொடரமுடியாது. ஈடு கிடைக்கும்வரை இழுத்தடிக்கலாம் என்ற ஆசையும் பிறக்கும். ஆகவே முதல் ஆண்டில் முழு ஈடு, பிறகு ஆண்டுதோறும் குறைந்து ஐந்தாம் ஆண்டில் நின்றுவிடும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதும், பொது வெளிவரி உள்ளபடியே அமலானதைச் சுங்கப் பதிவேடுகளில் பார்த்த பிறகே பணம் விடுவிப்பதும் இன்றியமையாதவை.

சண்டை வந்தால் இதில் எது மிஞ்சும்? கட்டடமாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் சண்டை வருவதற்கான காரணங்களில் ஒன்றைத் தொடுவது நான்கில் இது மட்டுமே. காங்கோவும் தென் சூடானும் சோமாலியாவும் உறுப்பினராகிவிட்டன. சுங்க ஒன்றியத்தை நடைமுறைப்படுத்தும் வேலையோ அங்கே பெரும்பாலும் பாக்கி நிற்கிறது. வருவாய் இழப்பைப் பற்றிய அச்சத்தைத் தீர்க்காமல், காங்கோத் தலைநகர் கின்ஷாசாவில் எத்தனை பயிலரங்கு நடத்தினாலும் அந்தப் பாக்கி தீராது. கிழக்குக் காங்கோவில் போர் ஓயாதவரை அங்கே இந்தப் பணத்தைக் கொடுக்கவும் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்; 2025 ஜூனில் வாஷிங்டனில் காங்கோவும் ருவாண்டாவும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் பொருளாதார ஒருங்கிணைப்பு பற்றிய பகுதி இருந்தாலும், தாளில் உள்ளதை நம்பிக் கருவூலத்துக்குக் காசோலை எழுத முடியாது.

கொடுப்பவரின் இன்னொரு கை

இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும், கொடையாளர் தன் வணிகக் கொள்கையால் அதைக் கெடுக்காமல் இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தோடு ஒரே அணியாகப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் பேசி 2014-இல் முடித்தது. 2016-இல் கென்யாவும் ருவாண்டாவும் கையெழுத்திட்டன. தன் இளம் தொழில்கள் அழியும் என்று தான்சானியா மறுத்துவிட்டது. வறிய நாடுகள் என்ற வகையில் தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் ஐரோப்பியச் சந்தை எப்படியும் திறந்தே இருந்தது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் இழப்பு கென்யாவின் பூ ஏற்றுமதியாளருக்கு மட்டும். கடைசியில் கென்யா தனியாகவே ஒப்பந்தம் போட, அது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது வெளிவரி கொண்ட ஒரு சுங்க ஒன்றியத்தில் ஓர் உறுப்பினர் மட்டும் ஐரோப்பியப் பொருளுக்கு வேறு வரி விதித்தால், அந்தப் பொருள் அடுத்த நாட்டுக்குள் கசியாமல் பார்க்க, எடுத்துவிட்ட எல்லைச் சோதனையைத் திரும்பக் கொண்டுவரவேண்டியிருக்கும். ஒரு கையால் சாவடியைக் கட்டிவிட்டு மறு கையால் அதற்கு வேலையைக் கூட்டுவது இது.

அமெரிக்காவும் விலக்கல்ல. பழைய துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தி உள்ளூர் நெசவை வளர்ப்பதென்று கூட்டமைப்பு நாடுகள் சேர்ந்து முடிவெடுத்தபோது, வரிச்சலுகையை நிறுத்துவோம் என்ற எச்சரிக்கை வந்தது. மற்றவை பின்வாங்கின, உறுதியாக நின்ற ருவாண்டாவின் ஆடைகளுக்கான சலுகை 2018-இல் நிறுத்தப்பட்டது. கூட்டாக எடுத்த முடிவு தனித்தனியாக உடைக்கப்பட்டது.

ஆகவே அந்தக் கற்பனை நாட்டின் 10 கோடி யூரோவை நான் பங்கிடுவதாக இருந்தால், பாதியைச் சற்றே தாண்டும் தொகையை எல்லை நடைமுறைக்கும் ஆய்வகங்களுக்கும் வைப்பேன். அதற்குள்ளும் புதிய கட்டடத்தைவிட ஆய்வகத்துக்கும் மென்பொருளுக்கும் சிறு வியாபாரிகளின் தகவல் மேசைக்கும் முதலிடம். ஏறத்தாழக் கால்பங்கை, குறைந்துகொண்டே போகும் ஈட்டுத்தொகையாகப் புருண்டிக்கும், நிலைமை இடங்கொடுத்தால் தென் சூடானுக்கும் ஒதுக்குவேன். மீதியில் பெரும்பகுதி மின்தட ஒப்பந்தங்களின் முன்வேலைக்கு. ஆருஷாவுக்கு மிகச் சிறிய பங்கு, அதுவும் சந்தாவுக்கு ஈடாக. ரயிலுக்கு ஒன்றுமில்லை.

இந்தப் பங்கீட்டுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு: சாவடியில் மிச்சமாகும் நேரத்தின் பலன் ஏழைகளுக்குப் போகாமல், லாரி நிறுவனங்களின் லாபமாகவே தங்கிவிடலாம். சில வழித்தடங்களில் வாடகையைச் சிலரே சேர்ந்து தீர்மானிக்கிறார்கள் என்பதால் இது வெறும் ஐயம் அல்ல. அதனால் பயண நாள்களோடு மட்டும் நின்றுவிடாமல், மொம்பாசா–கம்பாலாக் கொள்கலன் வாடகையும் கம்பாலாச் சந்தையில் ஒரு மூட்டைச் சிமென்டின் விலையும் ஆண்டுதோறும் அளக்கப்படவேண்டும். இரண்டாம் ஆண்டிலும் அவை அசையாவிட்டால், மூன்றாம் ஆண்டுப் பணத்தைச் சாவடியிலிருந்து எடுத்து, லாரித் தொழிலில் போட்டியைக் கண்காணிக்கும் அமைப்புகளுக்கு மாற்றும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும். ஆய்வக அலுவலரின் சம்பளம் இரண்டாம் ஆண்டிலிருந்து அந்தந்த நாட்டு வரவு–செலவுத் திட்டத்தில் ஏறவேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில், கருவி வாங்குவதற்கான முதல் தவணைக்கு முன்பே, எழுதப்படவேண்டும்.